வேலை இருப்பவருக்குத்தான் பொதுக் காரியத்துக்கு நேரம் கிடைக்கிறதா?

கேள்வி இதுதான்: ஓர் அட்டவணையில், தன்னார்வப் பணிக்கும் பொதுக் காரியங்களுக்கும் முழுநேர வேலையில் இருப்பவர்கள் செலவிடும் நேரம் குறைவாகவும், வேலையில் இல்லாதவர்கள் செலவிடும் நேரம் கூடுதலாகவும் இருக்கிறது. இன்னோர் அறிக்கையோ, வேலைக்குப் போகிறவர்களில்தான் தன்னார்வலர்கள் அதிகம் என்கிறது. எது சரி? எங்கள் சிறு குழுவுக்கு ஆள் சேர்க்க வேண்டும். நேரம் நிறைய இருப்பவர்களைத்தானே தேடிப் போக வேண்டும்?

முதல் கேள்விக்குப் பதில்: இரண்டும் சரி. இரண்டாவதுக்கு: இல்லை, நேரத்தைப் பார்த்து ஆள் தேடினால் ஏமாந்து போவீர்கள். கணக்கெடுப்புத் தரவோடு மல்லாடுவது என் பிழைப்பு. அது போக, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து தரும் ஒரு குழுவுக்குப் பல ஆண்டுகள் வாராந்தர அட்டவணை போட்டிருக்கிறேன். பகலில் பார்த்த எண்ணும் சாயங்காலம் பார்த்த மனிதர்களும் ஒத்துப்போக எனக்கே கொஞ்ச காலம் பிடித்தது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அட்டவணை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். "நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு" என்பது ஒரு நாளின் குறிப்பேடு. அமெரிக்காவில் 2003 முதல் ஆண்டுதோறும் இதை நடத்துகிறார்கள். ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, நேற்றுக் காலை 4 மணியிலிருந்து இன்று காலை 4 மணி வரை என்னென்ன செய்தீர்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். இந்தியாவில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் நடத்தியதும் இதே 4 மணிக் கணக்குத்தான். அரைமணி அரைமணியாகப் பிரித்துக் கேட்டார்கள். அதாவது, "நீங்கள் தன்னார்வலரா?" என்று இங்கே யாரும் கேட்பதில்லை. நேற்று என்ன நடந்ததோ அது மட்டும்தான் பதிவாகும்.

ஒரு குறிப்பேட்டை மனதில் விரித்துப் பாருங்கள். காலை 4 முதல் 6:10 வரை தூக்கம். பிறகு குளியல், சமையல், பயணம், வேலை. மாலை 5:30 முதல் 7:15 வரை "பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்." இந்த ஒரு வரியில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்தால் அது வேலை. சொந்தப் பிள்ளைக்கென்றால் குடும்பப் பராமரிப்பு. தங்கையின் பிள்ளை அடுத்த தெருவில் இருந்தாலும் உறவுக்காரப் பிள்ளைதான். அனைத்துலக வரையறைப்படி அது தன்னார்வப் பணி ஆகாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கென்றால்? அமெரிக்கக் கணக்கெடுப்பில் "வீட்டாரல்லாத ஒருவருக்கு உதவி" என்ற வேறு தலைப்புக்குப் போய்விடும். தன்னார்வப் பணி என்ற தலைப்புக்குள் வர நடுவில் ஓர் அமைப்பு வேண்டும். ஐ.நா. 2016இல் வகுத்த வகைப்பாட்டில் அதே உதவி "நேரடித் தன்னார்வப் பணி" என்று உள்ளே வந்துவிடும். அதே மாலை, அதே கணக்குப் பாடம். ஆனால் எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஒருவர் தன்னார்வலர் ஆகிறார், இல்லை ஆகாமல் போகிறார்.

மேலே சொன்ன அனைத்துலக வரையறை 2013இல் தொழிலாளர் புள்ளியியலாளர்களின் 19ஆவது அனைத்துலக மாநாட்டில் முடிவானது. கட்டாயமில்லாமல், ஊதியமில்லாமல், பிறருக்காகச் செய்வது என்பது அதன் சாரம். நீதிமன்றம் உத்தரவிட்ட சமூக சேவை வெளியே. வழிச்செலவு, சிறு உதவித்தொகை வாங்கினால் பரவாயில்லை. அது உள்ளூர்ச் சந்தைக் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். மாதத்தில் ஒரு மணி நேரம் செய்தாலே கணக்கில் வந்துவிடுவார்கள்.

இப்போது சராசரிக்கு வருவோம். அட்டவணையில் "ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம்" என்று இருப்பதைப் பார்த்து, ஒவ்வொருவரும் தினம் இத்தனை நிமிடம் சேவை செய்வதாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒருவரும் உலகத்தில் இல்லை. இந்தியாவின் 2019 கணக்கெடுப்பை எடுங்கள். தன்னார்வப் பணி, ஊதியமில்லாப் பயிற்சி இரண்டையும் சேர்த்த பிரிவில் ஒரு நாளில் பங்கேற்றவர்கள் 2.4 சதவீதம். பங்கேற்றவர்கள் அதற்குச் செலவிட்டது சராசரியாக 101 நிமிடம். இரண்டையும் பெருக்கி எல்லோருக்கும் பங்கிட்டால் தலைக்கு இரண்டரை நிமிடம்கூட வராது. ஒன்றேமுக்கால் மணி நேரம் உழைத்த ஒரு சிலரும், ஒன்றும் செய்யாத மிகப் பலரும் சேர்ந்துதான் அந்த இரண்டு சொச்ச நிமிடத்தை உண்டாக்குகிறார்கள்.

வேலைநிலை வாரியாகப் பிரிக்கும்போது இந்தப் பெருக்கல்தான் குழப்புகிறது. ஒரு கற்பனைக் கணக்கு: வேலையில் இருக்கும் 100 பேரில் 8 பேர் அன்றைக்கு ஆளுக்கு 90 நிமிடம் சேவை செய்தார்கள், சராசரி 7.2 நிமிடம். ஓய்வுபெற்ற 100 பேரில் 6 பேர்தான் செய்தார்கள், ஆனால் ஆளுக்கு 150 நிமிடம். சராசரி 9 நிமிடம். தலைகளை எண்ணினால் வேலையில் இருப்பவர்கள் முன்னே. நிமிடத்தை எண்ணினால் ஓய்வுபெற்றவர்கள் முன்னே. உங்களுடைய இரண்டு அறிக்கைகளும் முட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

கற்பனையை விட்டு நிஜத்துக்கு வருவோம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2002 முதல் 2015 வரை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் தன்னார்வப் பணி பற்றித் தனியாகக் கேட்டது. கேட்டது நேற்றைய நாளைப் பற்றியல்ல, கடந்த ஓராண்டைப் பற்றி. அதுவும் அமைப்பு வழியாகச் செய்ததை மட்டும். 2015 முடிவில், 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 24.9 சதவீதம், அதாவது சுமார் 6.26 கோடிப் பேர், ஆண்டில் ஒரு தடவையாவது தன்னார்வப் பணி செய்திருந்தார்கள். வேலைநிலை வாரியாகப் பாருங்கள்: வேலையில் இருப்பவர்கள் 27.2 சதவீதம், வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள் 23.3, வேலையிலும் இல்லாமல் தேடவும் செய்யாதவர்கள் 21.4. வேலையில் இருப்பவர்களுக்குள்ளேயே முழுநேரக்காரர்கள் 26.3, பகுதிநேரக்காரர்கள் 31.1.

அந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நிற்க வேண்டும். நேரம்தான் தீர்மானிக்கிறது என்றால் வேலையே இல்லாதவர்கள் உச்சியில் இருக்க வேண்டும். வேலைதான் எல்லாம் என்றால் முழுநேரக்காரர்கள் உச்சியில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை, பகுதிநேரக்காரர்கள் உச்சியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெளியே ஓர் உலகம் இருக்கிறது, சகாக்கள் இருக்கிறார்கள், வாரத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கூடவே மிச்ச நேரமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் பகுதிநேர வேலை பார்ப்பதும் ஒரு காரணம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ளவர்களில் தன்னார்வலர்கள் 31.3 சதவீதம்; அப்படிப் பிள்ளைகள் இல்லாதவர்களில் 22.6 சதவீதம். பிள்ளை வளர்ப்பது எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போனால் பெற்றோருக்குக் கூப்பிடும் குரல் வந்துவிடுகிறது: விளையாட்டு நாளுக்கு ஆள் வேண்டும், நூலகத்தை அடுக்க ஆள் வேண்டும், பெற்றோர் சங்கத்துக்குப் பொருளாளர் வேண்டும். தப்பிக்க வழியில்லை.

கூப்பிடும் குரல் என்று சும்மா சொல்லவில்லை. எப்படி இந்த அமைப்புக்குள் வந்தீர்கள் என்று அதே கணக்கெடுப்பில் கேட்டபோது, பத்தில் நான்கு பேர் யாரோ கூப்பிட்டதால் வந்தோம் என்றார்கள்; ஏறக்குறைய அதே அளவினர் தாங்களே தேடிப் போனார்கள். கூப்பிட ஒருவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும். வேலையிடம் என்பது தினமும் இருபது முப்பது பேருக்கு உங்களைத் தெரிய வைக்கும் இடம். வேலை போனால் சம்பளத்தோடு அந்த இருபது முப்பது பேரும் போய்விடுகிறார்கள். அட்டவணையில் இதற்கென்று தனி வரிசை கிடையாது.

எங்கள் குழுவில் ஒருவர் இருந்தார். சனிக்கிழமை மாலை 4 மணி என்றால் 3:55க்கு வந்து, ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வலப்பக்கம் வைத்துக்கொள்வார். இடப்பக்கம் வைத்தால் பக்கம் புரட்டும் சத்தத்தோடு மூடி திறக்கும் சத்தமும் பதிவாகிவிடும் என்பார். பொருளியல் பாடப்புத்தகத்தை இரண்டு பருவங்களுக்கு முழுதாக வாசித்துக் கொடுத்தவர் அவர். திடீரென்று வேலை போயிற்று. "இனிமேல் எந்த நாள் வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், நான் சும்மாதான் இருக்கிறேன்" என்று செய்தி அனுப்பினார். எனக்கு ரகசியமாகச் சந்தோஷம். வார நாட்களில் பகல் நேரத்துக்கு ஆளே கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை வரவில்லை. அப்புறம் சனிக்கிழமையும் வரவில்லை. ஏழெட்டு மாதம் கழித்து வேறு வேலை கிடைத்தது. அடுத்த சனிக்கிழமையே 3:55க்கு வந்து நின்றார். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வேலை இல்லாதப்போ சனிக்கிழமைன்னு ஒண்ணு இல்லையே" என்றார்.

இதைத் தொண்ணூறு வருஷத்துக்கு முன்பே ஒரு கிராமமே சொல்லியிருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியன்டால் என்று ஓர் ஊர். ஊருக்கே சோறு போட்ட ஒரே ஆலை 1929–30இல் மூடப்பட்டது. மாரி யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைசல் ஆகியோரின் ஆய்வுக் குழுவினர் அங்கே போய்த் தங்கி, மக்களைக் கவனித்து, 1933இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில்லாதவர்கள் கொதித்தெழுவார்கள், சங்கங்களில் தீவிரமாக இறங்குவார்கள் என்ற எதிர்பார்ப்பு அப்போது பலருக்கு இருந்தது. நடந்தது நேர்மாறு. நூலகத்தில் புத்தகம் எடுப்பது 1929க்கும் 1931க்கும் நடுவில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதுவும் முன்பு வாங்கிய கட்டணத்தை நிறுத்தி இலவசமாக்கிய பிறகு. அரசியல் அமைப்புகளிலும் ஈடுபாடு சுருங்கியது. நாள் முழுக்க என்ன செய்தீர்கள் என்று எழுதித் தரச் சொன்னால், ஆண்களுக்கு எழுத ஒன்றுமே இல்லை. பிள்ளைகளை எழுப்பியது, பள்ளிக்கு அனுப்பியது என்று இரண்டு வரி எழுதிவிட்டு, "இதற்கிடையே மதியம் ஆகிவிடுகிறது" என்று எழுதிய ஒருவரின் குறிப்பு இன்றுவரை நினைவுகூரப்படுகிறது. தெருவில் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள்: ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். பெண்களுக்குக் கூலி போயிற்றே தவிர வேலை போகவில்லை. சமையலும் துவையலும் பிள்ளைகளும் அப்படியே இருந்தன.

அந்தப் பெண்கள் நம் அட்டவணையின் இன்னொரு குறையைக் காட்டுகிறார்கள். "வேலையில் இல்லாதவர்" என்ற ஒரே கட்டத்துக்குள் யார் யாரையெல்லாம் திணித்திருக்கிறோம் பாருங்கள். 22 வயது மாணவர், 70 வயது ஓய்வூதியர், படுக்கையில் இருக்கும் நோயாளி, மூன்று பிள்ளைகளோடு வீட்டை நடத்தும் தாய், வேலை தேடித் தேடிக் களைத்து தேடுவதையே விட்டவர். இவர்களுடைய சராசரி யாருடைய வாழ்க்கையையும் சொல்லாது. வீட்டை நடத்தும் தாயை "வேலையில் இல்லாதவர், ஆகவே நேரம் உள்ளவர்" என்று எடுத்துக்கொள்வது அபத்தம். இந்தியாவின் 2019 கணக்கெடுப்பில் ஒரு நாளில் ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 சதவீதம், ஆண்கள் 26.1 சதவீதம். அப்படிச் செய்த பெண்களுக்கு அதில் போனது சராசரி 299 நிமிடம். ஆண்களுக்கு 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து மணி நேரம் அடுப்படியிலும் துவைகல்லிலும் போன பிறகு மிஞ்சுவதை ஓய்வு நேரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் அக்கம்பக்கத்துக்குச் செய்யும் உதவியோ, அமைப்பு எதுவும் நடுவில் இல்லாததால், பாதிக் கணக்கெடுப்புகளில் தன்னார்வப் பணி என்று பெயர்கூடப் பெறுவதில்லை.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. அமைப்பு வழி வரும் சேவையை மட்டும் எண்ணினால், படித்த, வசதியான, வேலையில் இருக்கும் ஆட்கள்தான் பொதுநலம் உள்ளவர்கள் என்ற தோற்றம் வந்துவிடும். அமெரிக்காவின் 2015 கணக்கில் பட்டதாரிகளில் 38.8 சதவீதம் தன்னார்வலர்கள். பள்ளி இறுதி முடிக்காதவர்களில் 8.1 சதவீதம். படிக்காதவர்கள் பிறருக்கு உதவுவதில்லை என்று இதற்கு அர்த்தமா? அவர்கள் வேறு விதமாக உதவுகிறார்கள். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 2022 அறிக்கையில் உலக அளவில் போட்ட மதிப்பீடு: 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் மாதந்தோறும் தன்னார்வப் பணி செய்பவர்கள் சுமார் 15 சதவீதம், அதாவது 86.2 கோடிப் பேர். அதில் அமைப்பு வழியாகச் செய்வோர் 6.5 சதவீதம், நேரடியாக மனிதருக்கு மனிதர் செய்வோர் 14.3 சதவீதம். இரண்டும் செய்பவர்கள் உண்டு, அதனால் கூட்டினால் 15க்கு மேல் போகும்.

ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று ஜன்னல்கள் வந்துவிட்டன, கவனித்தீர்களா? ஒரே ஊரை மூன்று ஜன்னல் வழியாகப் பார்த்தால் மூன்று எண் கிடைக்கும். அமெரிக்காவில் ஆண்டு ஜன்னலில் நான்கில் ஒருவர் தன்னார்வலர். நாள் ஜன்னலில் நூற்றுக்கு ஐந்தாறு பேர்தான். ஆண்டுக்கு ஒரு நாள் கடற்கரையைச் சுத்தம் செய்தவரும் வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் உதவுபவரும் ஆண்டு ஜன்னலில் சமம். நாள் ஜன்னலில் முதலாமவர் கிட்டத்தட்ட காணாமலே போய்விடுவார். வேலைநிலை ஒப்பீட்டை இது நேரடியாகப் பாதிக்கிறது: முழுநேர வேலைக்காரர்களின் சேவை எப்போதாவது, வார இறுதியில் மொத்தமாக நடப்பது. அதனால் ஆண்டுக் கணக்கில் அவர்கள் பெரிதாகவும் நாள் கணக்கில் சிறிதாகவும் தெரிவார்கள்.

"பொதுக் காரியம்" என்ற பகுதி இன்னும் மோசம். வாக்களிப்பது, குடியிருப்புச் சங்கக் கூட்டம், மனு கொடுப்பது, நீதிமன்ற நடுவர் குழுவில் உட்காருவது எல்லாம் நாள் குறிப்பேட்டில் அரிதாகத்தான் விழும். ஒருவர் ஆண்டுக்கு இரண்டு மணி நேரம் இதற்குச் செலவிட்டால் ஒரு நாள் சராசரி இருபது விநாடி. இந்த அளவில் வேலைநிலை வாரியாக வித்தியாசம் பார்ப்பது வீண் வேலை. அப்படிப் பிரித்துக் காட்டும் அட்டவணை கிடைத்தால் அந்த நெடுவரிசையைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஓய்வுபெற்றவர்களைப் பற்றி எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: வேலையிலிருந்து விடுபட்டதும் சேவைக்கு வந்துவிடுவார்கள் என்று. எண்கள் வேறு மாதிரி இருக்கின்றன. அமெரிக்காவின் 2015 கணக்கில் 35–44 வயதில் தன்னார்வலர்கள் 28.9 சதவீதம், 45–54இல் 28, 55–64இல் 25.1, 65க்கு மேல் 23.5. வயதோடு ஆட்கள் குறைகிறார்கள். ஆனால் நேரம் ஏறுகிறது. தன்னார்வலர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் ஆண்டுக்கு 52 மணி நேரம் கொடுத்திருந்தார், வாரத்துக்கு ஒரு மணி. 65க்கு மேற்பட்டவர்களில் நடுவில் நிற்பவர் கொடுத்தது 94 மணி. 25–34 வயதில் வெறும் 36 மணி. இந்த எண்களைச் சேர்த்து வைத்து நான் படிப்பது இது: ஓய்வு புதுத் தன்னார்வலர்களை அதிகம் உண்டாக்குவதில்லை, ஏற்கனவே கை பழகியவர்களுக்குக் கூடுதல் மணி நேரத்தைக் கொடுக்கிறது. எங்கள் குழுவிலும் அப்படித்தான். 61 வயதில் முதல் தடவையாக வந்து நிலைத்தவர்கள் ஓரிருவர். 45 வயதில் மாதம் ஒரு தடவை வந்துகொண்டிருந்து, ஓய்வுக்குப் பிறகு வாரம் மூன்று நாள் வர ஆரம்பித்தவர்கள் ஒரு கூட்டம்.

நேரம் மட்டும் போதாது என்பதற்குக் கொரோனாக் காலமும் சாட்சி. 2015க்குப் பிறகு அமெரிக்காவில் நடந்த வேறொரு கணக்கெடுப்பில், அமைப்பு வழித் தன்னார்வலர்கள் 2019இல் 30 சதவீதமாக இருந்தார்கள். 2020 செப்டம்பர் முதல் 2021 செப்டம்பர் வரையிலான ஆண்டில் 23.2 சதவீதமாக விழுந்தது. பயணம் மிச்சமாகி வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. ஆனால் அமைப்புகளின் கதவு மூடியிருந்தது, தொற்றுப் பயமும் இருந்தது. அதே காலத்தில் அக்கம்பக்கத்தாருக்கு உதவியவர்கள் 50.9 சதவீதம், முந்தைய அளவிலிருந்து அநேகமாக அசையவே இல்லை. 2023இல் அமைப்பு வழிச் சேவை 28.3 சதவீதத்துக்குத் திரும்பியது.

வேலை தேடுபவர்களுக்கு வேறு முட்டுக்கட்டைகளும் உண்டு. வந்துபோகக் காசு ஒன்று. "இப்ப என்ன பண்றீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து கூட்டத்தைத் தவிர்ப்பது இன்னொன்று, இதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்காது. வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையின் விதிகளும் குறுக்கே வரும். பிரிட்டனில் உதவித்தொகை பெறுபவர் வேலை தேட வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதில் அதிகபட்சம் பாதியைத்தான் தன்னார்வப் பணியால் ஈடுகட்டலாம். சும்மா இருக்கிறார் என்று நாம் நினைக்கும் ஆளுக்கும் ஒரு நேர அட்டவணை இருக்கிறது.

"தன்னார்வப் பணி செய்தால் வேலை சீக்கிரம் கிடைக்கும்" என்று சொல்லி ஆள் சேர்ப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆதாரமாக 2013இல் அமெரிக்க அரசின் சேவை நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள்: வேலையில்லாதவர்களில் தன்னார்வப் பணி செய்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 27 சதவீதம் அதிகம். வாய்ப்பு விகிதம் என்பது கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் உள்ள விகிதம்; அதை "நூற்றுக்கு 27 பேர் கூடுதலாக வேலை பெற்றார்கள்" என்று படிக்கக் கூடாது. தவிர, மனம் தளராமல் வெளியே வருகிறவர் வேலையையும் தளராமல் தேடுவார். எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது லேசல்ல. நான் இதைச் சொல்லி யாரையும் சேர்த்ததில்லை. மூன்று மாதத்தில் வேலை கிடைக்காவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது தொழில் ரகசியம் மாதிரி. கணக்கெடுப்புக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவரும் தன்னார்வப் பணிக்கு வருபவரும் ஓரளவு ஒரே ரக மனிதர். காத்தரின் ஆபிரகாம், சாரா ஹெல்ம்ஸ், ஸ்டான்லி பிரெஸ்ஸர் மூவரும் 2009இல் இதைக் காட்டினார்கள். நேரக் கணக்கெடுப்புக்கு அழைக்கப்பட்டவர்களில் பதில் சொன்னவர்கள், சொல்லாதவர்களைவிடத் தன்னார்வப் பணியில் கூடுதலாக ஈடுபட்டிருந்தார்கள். எனவே எல்லா வேலைநிலைக்கும் அட்டவணை எண்கள் கொஞ்சம் உப்பியே இருக்கும்.

சரி, உங்கள் அட்டவணைக்கு வருவோம். அதன் தலைப்பில் "மக்கள்தொகை முழுவதற்கும் சராசரி" என்றிருக்கிறதா, "பங்கேற்றவர்களுக்கு மட்டும் சராசரி" என்றிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவது என்றால் பக்கத்தில் பங்கேற்பு விகிதம் தந்திருப்பார்கள். அதையும் சேர்த்தே படியுங்கள். வயது வாரியாகப் பிரித்த இன்னோர் அட்டவணை இருந்தால் அதையும் எடுங்கள். வேலையில் இல்லாதவர்கள் கட்டத்தின் உயரத்துக்குப் பெரும்பாலும் 65க்கு மேற்பட்டவர்கள்தான் காரணமாக இருப்பார்கள். அவர்களை எடுத்துவிட்டு 25–54 வயதை மட்டும் பார்த்தால் படம் மாறக்கூடும்.

அப்புறம் உங்கள் குழு. எங்கள் சேர்க்கைப் படிவத்தில் முதலில் "உங்களுக்கு எப்போது நேரம் இருக்கும்?" என்று கேட்டிருந்தோம். வேலை இல்லாதவர்கள் "எப்போதும்" என்று எழுதினார்கள்; அவர்களில் வந்தவர்கள் மிகக் குறைவு. பிறகு அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, "வியாழக்கிழமை காலை 10 முதல் 11:30 வரை, நான்கு வாரம், வருவீர்களா?" என்று மாற்றினோம். ஆம் என்றவர்களின் எண்ணிக்கை குறைந்தது. வந்தவர்களின் எண்ணிக்கை கூடியது. முழுநேர வேலைக்காரர்களுக்கு வீட்டிலிருந்தே பிழைதிருத்தும் வேலையும், மாதம் ஒரு சனிக்கிழமைப் பதிவும் கொடுத்தோம். அதற்கு மேல் கேட்கவில்லை. பிள்ளைகளின் பெற்றோருக்குப் பள்ளி விடும் நேரத்துக்கு அரைமணி முன்பே முடியும்படி நேரம் வைத்தோம். ஓய்வுபெற்றவர்களைத் தேடி விளம்பரம் போடுவதை நிறுத்தினோம். அதற்குப் பதில், அடுத்த இரண்டு மூன்று ஆண்டில் ஓய்வுபெறப் போகிறவர்களை இப்போதே மாதம் ஒரு தடவை வரச் சொன்னோம்.

வேலை போனவர்களுக்கு மட்டும் ஒரு தனி ஏற்பாடு. தனியாக ஒலிவாங்கியின் முன் உட்கார வைப்பதில்லை. இருவர் சேர்ந்து செய்யும் சரிபார்ப்பு வேலைதான் முதலில். ஒருவர் வாசிப்பார், மற்றவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார். ஒருவர் வராவிட்டால் மற்றவர் சும்மா உட்கார வேண்டும் என்பதால், முந்தின நாள் ராத்திரியே "நாளைக்கு வர்றீங்கள்ல?" என்று ஜோடிக்காரரே கேட்டுவிடுவார். வந்துபோகும் செலவைக் கேட்டு வாங்க வைக்காமல், வந்த எல்லோருக்கும் உறையில் போட்டு மேசையிலேயே வைத்துவிடுவோம். வேலையில் இருப்பவர்கள் அதை உண்டியலில் போட்டுவிட்டுப் போவார்கள். அறிமுகம் செய்யும்போது பெயரும், எந்தப் பாடம் வாசிக்கிறார் என்பதும் மட்டும். என்ன வேலை பார்க்கிறார் என்ற கேள்வி எங்கள் படிவத்தில் இப்போது இல்லை.

ஒருவகையில் இதனால் எனக்கே நஷ்டம்: எங்கள் குழுவில் வேலைநிலை வாரியாக யார் எவ்வளவு நேரம் தருகிறார்கள் என்று நீங்கள் கேட்டால், இனிமேல் என்னிடம் அட்டவணை கிடையாது.